பழைய கடல்நீர்த் தொட்டி வாங்குமுன் அதில் செம்பு மருந்து ஊறியிருக்கிறதா என்று பாருங்கள்

பினாங்கில் முதல் தடவையாகப் பவளத் தொட்டி (உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) வைக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பெருநிலத்தில் இருக்கும் ஒரு மீன் கடையில் 'ஃபுல் செட்' என்று 2,800 ரிங்கிட் கொடுத்து நான் ஏமாந்தேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

மகளும் நானும் ஓராண்டாகத் திட்டம் போட்டிருந்தோம். 3 அடித் தொட்டி, 180 லிட்டர் சொச்சம். தண்ணீர் மட்டுமே 180 கிலோவைத் தாண்டும் என்பதால் அடுக்குமாடி வீட்டில் எந்தச் சுவரோரம் வைப்பது என்பதுகூட முடிவாகியிருந்தது. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர், தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ வடிகட்டி, அமோனியா சோதனைக் கிட் எல்லாம் புதிதாக வாங்கிவிட்டோம். மிச்சம் இருந்தவைதான் கையைக் கடிப்பவை: தொட்டி, சம்ப் (வடிகட்டும் சாதனங்கள் வைக்கும் கீழ்த்தொட்டி), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி), லைவ் ராக் (நல்ல பாக்டீரியா வாழும் கடல் கல்), சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி). மதியம் வீட்டுக்குள் 30, 31 டிகிரி ஏறும் ஊரில் சில்லர் இல்லாமல் பவளம் வளர்ப்பது கஷ்டம். அதற்கு 25, 26 டிகிரிதான் தோது.

தைப்பூசம் முடிந்த வாரம் அந்தக் கடைக்குப் போனோம். "ஒரு கஸ்டமர் கோலாலம்பூருக்கு மாறிப் போறாரு தம்பி. ரெண்டு வருசம் பவளம் வளர்ந்த தொட்டி. கல்லோட எடுத்துக்கோ, மூணே நாள்ல மீன் விடலாம்" என்றார் கடைக்காரர். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கண்ணாடி ஒட்டும் சிலிக்கான் மூலைகளில் ஏன் இலேசாக நீலம் படிந்திருக்கிறது? "நீல லைட்டு போட்டா அப்படித்தான்" என்றார். விளக்கு வெளிச்சம் சிலிக்கானில் சாயம் ஏற்றாது. மெத்திலீன் புளூ போன்ற மீன் நோய் மருந்து ஏற்றும். அது அன்று எனக்குத் தெரியாது. ரசீது கேட்டதற்கு, அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். அதையும் நம்பினேன்.

மூன்று நாளில் மீன் விடவில்லை. ஒரு மாதம் காத்திருந்து, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் இரண்டு கோமாளி மீன்களை விட்டோம். நன்றாக நீந்தின, சாப்பிட்டன. அடுத்த வாரம் ஆறு நத்தைகளும் இரண்டு கிளீனர் இறால்களும் விட்டோம். மறுநாள் காலையில் ஆறு நத்தைகளும் மணலில் கவிழ்ந்து கிடந்தன. சாயங்காலத்துக்குள் இறால்களும் போய்விட்டன. மகள் அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள். அன்று இரவு அவள் சாப்பிடவே இல்லை.

கடைக்குப் போன் போட்டேன். "நீங்க சரியா தண்ணிக்குப் பழக்கி விடல" என்றார். அவரிடமே இன்னும் ஆறு நத்தைகள் வாங்கி, இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்து விட்டேன். அவையும் செத்தன.

மீன் நன்றாக இருந்து, நத்தையும் இறாலும் மட்டும் சாகின்றன என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது செம்பை. கடல் மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு நல்ல மருந்து. தனித் தொட்டியில், அளவு பார்த்துப் போட்டால் மீன் பிழைக்கும். ஆனால் மீன் தாங்கும் அந்த அளவை நத்தை, இறால், பவளம் எதுவும் தாங்காது. லைவ் ராக்கும் பவள மணலும் சுண்ணாம்புச் சத்துள்ளவை என்பதால் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். தண்ணீரை எத்தனை தடவை மாற்றினாலும் கல் உள்ளே இருக்கும்வரை பிரச்சினை தீராது.

செம்பு சோதனைக் கிட் வாங்கித் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன். லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் காட்டியது. குழாய்த் தண்ணீரைக் குறை சொல்வார் என்று தெரிந்து அதையும், ஆர்ஓ தண்ணீரையும், புதிதாகக் கலந்த உப்பு நீரையும் சோதித்தேன். மூன்றும் பூஜ்யம். அந்தப் புது உப்பு நீரை ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, ஒரு கல்லை மூன்று நாள் ஊறப் போட்டேன். நான்காம் நாள் அதிலும் செம்பு வந்தது. ஒவ்வொன்றையும் தேதி தெரியப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

அது பவளம் வளர்ந்த தொட்டியே இல்லை என்பது கடையில் முன்பு வேலை பார்த்த ஒரு பையன் சொல்லித்தான் தெரிந்தது. புதிதாக இறங்கும் மீன்களுக்கு மருந்து போட்டு வைக்கும் தொட்டியாம். தெரிந்தே விற்றிருக்கிறார். எனக்கு ஆறாதது அதுதான். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு உண்மையைச் சொல்லியே அதை விற்றிருக்கலாம்.

சில்லரும் அப்படியே. கடையில் ஓடியது, வீட்டில் 29 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. குளிரூட்டும் கேஸ் கசிவு என்றார் மெக்கானிக். பழைய சில்லர் வாங்கினால், தண்ணீரில் உங்கள் தெர்மாமீட்டரைப் போட்டு ஒரு மணி நேரமாவது பக்கத்தில் நில்லுங்கள்.

செம்பு கிட் கையோடு கொண்டுபோங்கள். கடைத் தொட்டியின் தண்ணீரில் பூஜ்யம் வந்தால் மட்டும் போதாது, தண்ணீரை அன்று காலையில்தான் மாற்றியிருப்பார்கள். ஒரு கல்லை மட்டும் முதலில் வாங்கி வந்து வாளியில் ஊறவைத்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள். முன்பு பவளம் இருந்தது என்றால் பழைய படம் கேளுங்கள். அங்கேயே நத்தை உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மலேசியாவின் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. என்னிடம் ரசீது இல்லை. வங்கிப் பரிமாற்றச் சீட்டும், 'ரெண்டு வருசம் பவளம் வளர்ந்தது' என்று அவர் அனுப்பிய குரல் செய்தியும்தான் இருக்கின்றன. போன் மாற்றும்போது அது அழியாமல் இரண்டு இடத்தில் சேமித்து வைத்திருக்கிறேன்.

கோமாளி மீன்கள் இப்போது நண்பர் வீட்டுத் தொட்டியில் இருக்கின்றன. பழைய கல், மணல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், புதுத் தொட்டிக்கு உலர்ந்த கல் வாங்கியிருக்கிறேன். அதே கடையில் இதே மாதிரி 'ஃபுல் செட்' வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். விசாரணைக்கு முன்னால் உங்களோடு பேச வேண்டும்.