தானே கழியில் ஒரு படகுச் சுற்று: பூநாரைக்குக் கட்டிய பணமும் சேற்றில் கண்ட பலனும்

மும்பையின் செம்பூரில் இருபது ஆண்டுகளாகக் குடியிருந்தும், வாஷிப் பாலத்தைக் கடக்கும்போது ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே தானே கழியைப் பார்த்து வந்த எங்களுக்கு, சென்ற பிப்ரவரியில் பிச்சாவரம் அலையாத்திக் காட்டை அடுத்த கிள்ளையிலிருந்து சித்தப்பா வந்திருந்ததை முன்னிட்டுத்தான் அதனுள் இறங்கிப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. சிறு குழு ஒன்று வார இறுதிகளில் நடத்தும் இந்தச் சுற்றில், முதலில் முக்கால் மணி நேரம் அலையாத்திக் காட்டின் ஓரமாகப் போடப்பட்டுள்ள பலகைப் பாதையில் நடக்க வைக்கிறார்கள். பிறகு ஒரு மணி நேரம் படகு. தலைக்கு 900 ரூபாய். பிள்ளைகளுக்குச் சலுகை கிடையாது.

விளம்பரம் முழுவதும் பூநாரைதான். குறை சொல்ல வேண்டியதும் அதைப் பற்றித்தான். பறவைகள் மேய்வதற்குச் சேறு வெளியே தெரிய வேண்டும். படகு மிதப்பதற்கு நீர் வேண்டும். இரண்டும் ஒத்துவரும் நேரம் மிகக் குறுகியது. ஆகவே காலையில் நீர் வற்றியிருக்கும்போது நடையையும், கடல்நீர் ஏற்றம் தொடங்கியதும் படகையும் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. ஆனால் தாமதமாக வந்த ஒரு பெரிய குடும்பத்துக்காக எல்லோரையும் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்ததில் அந்த ஏற்பாடு கெட்டது. நாங்கள் படகேறியபோது சேற்றுத் திட்டுகள் பெரும்பாலும் மூழ்கிவிட்டன. தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு போல் தெரிந்த கூட்டத்தைத் தொலைநோக்கியில் முறை வைத்துப் பார்த்ததோடு சரி. கடல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பது கடலோரத்தில் தொழில் செய்பவர்களுக்குத் தெரியாதா என்று சித்தப்பா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நடைக்கு மட்டும் தனியாகக் கட்டணம் வைத்திருந்தால் தயங்காமல் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். வழிகாட்டி, கடலுயிரியலில் முதுகலை முடித்த இளைஞர். பலகைப் பாதையின் இருபுறமும் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்ததைப் போல் நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைக் காட்டி, காற்றுப் புகாத சேற்றுக்குள் கிடக்கும் வேர்களுக்கு அவைதான் காற்றை இறக்குகின்றன என்று விளக்கினார். பிறகு ஒரு மரத்தின் இலையைப் பறித்து என் மகளிடம் நீட்டி, நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

“சின்னத் தாத்தா, ஒரே உப்பு!”

“வெண்கண்டலாச்சே கண்ணு, உள்ளே போற உப்பை இலை வழியாத்தான் கக்கும்” என்றார் சித்தப்பா. வழிகாட்டிக்கு அதை இந்தியில் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. ஆனால் பத்தடி தள்ளி இன்னொரு மரத்தின் இலையைப் பறிக்க மகள் கை நீட்டியதும் சித்தப்பா பதறித் தடுத்தார். அது தில்லை; சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம்; அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. எதைச் சுவைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை நடை தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து வழிகாட்டி ஒரு பிடி சேற்றை எடுத்து எங்கள் முன் நீட்டினார். மை போன்ற கறுப்பு, அழுகிய முட்டை வாடை. ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் நுண்ணுயிரிகள் சல்பேட்டைக் கொண்டு காலம் தள்ளுவதால்தான் அந்த வாடை என்றும், இலையும் வேரும் அங்கே முழுமையாக மக்காததால் அவற்றிலுள்ள கரியமும் வெகுகாலம் மண்ணிலேயே தங்கிவிடுகிறது என்றும் அவர் சொன்ன பத்து நிமிடம்தான் இந்தச் சுற்றின் உயிர்.

காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அந்தக் கவனம் தளர்ந்தது. இந்தக் காடு மும்பையின் மதில் என்று கூறி, அதற்குச் சான்றாக 2005 ஜூலை 26 வெள்ளத்தைக் காட்டினார். அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது வானத்து நீர். மித்தி ஆற்றோரத்துச் சதுப்பைத் தூர்த்ததால் அது வடிய வழியில்லாமல் போனது என்று சொல்லலாம். அலையையும், புயலின்போது கடல் பொங்கி எழும் புயலெழுச்சியையும் மரங்கள் தணிப்பது வேறு கதை. 2020இல் அலிபாக் அருகே கரை கடந்த நிசர்கா புயலும் மறுஆண்டு வந்த டவ்தே புயலும் கைக்கெட்டும் எடுத்துக்காட்டுகளாக இருக்க, இரண்டு கதைகளையும் குழப்பியிருக்க வேண்டாம்.

மேலும், மதில் தானாக நிற்பதில்லை. உலகக் கடல்மட்டம் 2006க்கும் 2018க்கும் இடையே ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்தது. கழி கொண்டுவரும் வண்டலையும் தன் வேரையும் சேர்த்து அடுக்கி, தரையை அந்த வேகத்தில் உயர்த்திக்கொண்டால்தான் காடு பிழைக்கும். பழைய சேற்றுப் படிவுகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, உயர்வு ஆண்டுக்கு ஆறு மில்லிமீட்டரைத் தாண்டினால் அலையாத்திகளால் பெரும்பாலும் ஈடுகொடுக்க முடியாது என்கிறது. பின்வாங்கலாம் என்றால் பின்னால் நெடுஞ்சாலையும் கட்டடங்களும் நிற்கின்றன. 2015இல் சரணாலயமாகவும் 2022இல் ராம்சர் தலமாகவும், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும், இந்தக் கழி அறிவிக்கப்பட்ட பெருமையைச் சொன்னவர், இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

பூநாரைகள் ஏன் இங்கே இவ்வளவு கூடுகின்றன என்று நான் கேட்கும் வரை சாக்கடையைப் பற்றிய பேச்சே வரவில்லை. நகரத்துக் கழிவுநீரின் சத்தில் பெருகும் பாசியும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுவதை, நான் கேட்ட பிறகுதான் சற்றுத் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார். படமெடுக்க வந்தவர்களுக்கு அது ருசிக்காது என்பது புரிகிறது.

திரும்பும் வழியில், ஒரு வரப்புக்குப் பின்னால் பட்டுப்போய் நின்ற மரங்களைக் காட்டி, அங்கே தண்ணீர் வந்து போகிறதா என்று சித்தப்பா கேட்டார். பிச்சாவரத்தில் நீர் தேங்கி உப்பேறிய பள்ளங்களுக்கு 1990களில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீரை உள்ளே விட்டு, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் காட்டை மீட்டதைக் கண்ணால் பார்த்தவர் அவர். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி வழிகாட்டி என் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டார். மழுப்பாமல் அப்படிச் சொன்னதே எனக்குப் பிடித்தது. ஒன்பதாம் நாள், சித்தப்பா ஊருக்குக் கிளம்பிய அன்று, வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: வரப்புக்குக் கீழே மண் அடைத்துக் கிடக்கும் ஒரு குழாய். அதைப் பெரிதாக்கிப் பார்த்த சித்தப்பா, “முதல்ல அதைத் தூர் எடுக்கச் சொல்லு” என்று பதில் அனுப்பச் சொல்லிவிட்டு ரயிலேறினார்.