‘ரிவர்ட்’ என்று எழுதுவதா, ‘ரிப்ளை’ என்று எழுதுவதா?

சிங்கப்பூரில் ஷென்டன் வேயிலிருந்து ஜூரோங் வரை எந்த அலுவலகத்து மின்னஞ்சலைத் திறந்தாலும் கடைசி வரியில் ‘ப்ளீஸ் ரிவர்ட்’ நிற்கும். கேட்பது பதிலைத்தான். அதே இடத்தில் ‘ப்ளீஸ் ரிப்ளை’ என்று எழுதினால் அதட்டுவதுபோல் இருக்கிறது, ‘ரிவர்ட்’டில்தான் மரியாதையும் மிடுக்கும் இருக்கின்றன என்பது நம்மில் பலருடைய எண்ணம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதிவந்தேன்.

‘ரிவர்ட்’ என்பதன் இலத்தீன் வேருக்குத் திரும்புதல் என்று பொருள். பொது ஆங்கிலத்தில், ஒரு பழக்கமோ நிலையோ உடைமையோ முன்பிருந்தபடியே ஆவதை அது குறிக்கிறது. கேலாங் லோரோங் 3இல் இருந்த 191 வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31 அன்று முடிந்து, நிலம் அரசிடமே திரும்பியதே, அதை எழுத ‘ரிவர்ட் டு தி ஸ்டேட்’ என்பதைவிடப் பொருத்தமான தொடர் கிடையாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் 99 ஆண்டுக் குத்தகையைப் பற்றி எழுதும்போதும் அப்படியே. இந்தப் பொருளை வைத்துக்கொண்டு ‘ஐ வில் ரிவர்ட் டு யூ’ என்பதைப் படித்தால், ‘நான் பழையபடி நீங்களாக மாறிவிடுவேன்’ என்றல்லவா ஆகிறது!

ஆயினும் அதைப் பிழை என்று ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனமில்லை. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் அலுவலக ஆங்கிலத்தில் ‘பதில் தருதல்’ என்ற பொருள் வேரூன்றிவிட்டது. நமக்குள் எழுதிக்கொள்ளும்வரை யாரும் குழம்புவதில்லை. சிக்கல் கடிதம் கடல் கடக்கும்போதுதான். திருத்திய ஒப்பந்தம் ஒன்றை இலண்டனுக்கு அனுப்பி, ‘ப்ளீஸ் ரிவர்ட் ஆன் கிளாஸ் 7’ என்று ஒருமுறை எழுதினேன். ஏழாம் பிரிவைப் பற்றிய கருத்து வரும் என்று காத்திருந்த எனக்கு, நாங்கள் செய்த திருத்தங்களையெல்லாம் நீக்கிப் பழைய வாசகத்தையே மீண்டும் வைத்த கோப்பு வந்து சேர்ந்தது. அவர்கள் மீது குற்றமில்லை, எழுதியதைத்தான் செய்திருந்தார்கள்.

‘ரிவர்ட் பேக்’ பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ வகையைச் சேர்ந்தது அது. ‘கெட் பேக் டு மீ’ பேச்சுக்கு நன்று, முறையான கடிதத்துக்குச் சற்றுத் தளர்வு. முடிவு ஒன்றைக் கேட்கும் இடத்தில் ‘லெட் மீ நோ’ பொருந்தும்.

‘ரிப்ளை’ அதட்டுகிறது என்ற குறையும் சொல்லால் வருவதன்று, தனியாக நிற்பதால் வருவது. ‘குட் யூ ப்ளீஸ் ரிப்ளை பை ஃபிரைடே?’ என்று கேள்வியாக்கி நாளையும் சேர்த்துவிட்டால் பணிவும் இருக்கும், கெடுவும் தெரியும். சென்ற வாரம் என் மேலாளருக்கு அப்படியே எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: ‘நோட்டட், வில் ரிவர்ட்.’