சட்டியா, பாக்கெட்டா? சிறு உணவுத் தொழிலில் இறங்குமுன் பார்க்க வேண்டிய மிச்சக் கணக்கு

சின்னதாக ஒரு உணவுத் தொழில் தொடங்கலாம் என்று கிளம்புகிறவர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சமைத்ததை அன்றன்றே விற்றுத் தீர்ப்பது. இன்னொன்று, பல நாள் கெடாத பண்டமாகச் செய்து, பாக்கெட்டில் அடைத்துக் கடைகளுக்குப் போடுவது. பேச்சு வசதிக்காகச் சட்டி, பாக்கெட் என்றே வைத்துக்கொள்வோம். முதல் ஒரு வருடத்துக்காவது நான் சட்டியின் கட்சி. அதற்குப் பல காரணம் தேட வேண்டியதில்லை. மிச்சம் என்ற ஒன்றே போதும்.

மற்ற வேறுபாடுகள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். சட்டி என்றால் இருட்டோடு எழ வேண்டும். நீங்கள் படுத்துவிட்டால் அன்று வியாபாரம் இல்லை. பாக்கெட்டை ஒரு நாள் செய்து பல நாள் விற்கலாம், தூரத்துக்கும் அனுப்பலாம். உரிமமும் சுத்தமும் இரண்டுக்கும் பொது. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் பாக்கெட்தான் ஜெயிக்கும். அதை நம்பித்தான் பலரும் முதலில் அதில் கை வைக்கிறார்கள்.

சட்டியில் மிஞ்சியது அன்று ராத்திரியே கண்ணுக்குத் தெரியும். பாக்கெட்டில் மிஞ்சியது இரண்டு மூன்று மாதம் கழித்து, கடையின் பின்பக்கத்திலிருந்து அட்டைப்பெட்டியில் திரும்பி வரும். புதிதாக வந்தவருக்கு அளவும் தெரியாது, விலையும் தெரியாது, யார் வாங்குவார்கள் என்பதும் தெரியாது. தவறு நடந்தே தீரும். அந்தத் தவறு எவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கைமுதல் தப்பும்.

முதலில் சட்டியின் கணக்கு. ஒரு தட்டின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமானும் எரிபொருளும் 40 பங்கு. 50 தட்டுக்குச் சமைத்து ஐம்பதும் விற்றால் கையில் நிற்பது 3000. அதே 50 சமைத்து 40 விற்றால் வரவு 4000, செலவு அதே 2000, நிற்பது 2000. பத்துத் தட்டு மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 30 மட்டும் விற்றால் நிற்பது 1000. வாடகையும் கூலியும் இதிலிருந்துதான் போக வேண்டும். சாமான் விலையில் ஐந்து பத்து மிச்சம் பிடிக்கப் பேரம் பேசுகிறவர்கள், வாளியில் கொட்டுவதை எண்ணிப் பார்த்தால் அதைவிடப் பெரிய தொகை அங்கே கிடக்கும்.

அப்படியானால் எவ்வளவு சமைப்பது? ஒரு தட்டு மிஞ்சினால் நஷ்டம் 40. ஒரு தட்டு பற்றாமல் போனால் தவறிய லாபம் 60. இரண்டும் சேர்ந்து 100. அதில் 60 என்பது பத்துக்கு ஆறு. பத்து நாளில் ஆறு நாள் தேவைக்குப் போதுமானதாகவும், நான்கு நாள் நேரத்துக்கு முன்பே தீர்ந்துபோவதாகவும் இருக்கிற அளவுதான் நீண்ட ஓட்டத்தில் லாபம் அதிகம் தரும். நிர்வாகப் பாடத்தில் இதைச் செய்தித்தாள் விற்பவரின் கணக்கு என்பார்கள். இன்றைய தாளை நாளைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் அல்லவா. வந்த ஆள் திரும்பிப் போகக் கூடாது என்று தினமும் கூடுதலாக வடிக்கிறவர், அந்தப் பெருந்தன்மைக்குத் தினமும் பணம் கட்டுகிறார். செயலி வழியாக விற்று அதற்கு 25 பங்கு கமிஷன் கொடுத்தால் கணக்கு இன்னும் இறுகும். மிஞ்சினால் நஷ்டம் அதே 40, தவறினால் போவது 35 மட்டும். அப்போது பாதிக்கும் மேலான நாள்களில் தீர்ந்துபோகிற அளவுக்குத்தான் சமைக்க வேண்டும்.

இதற்கு ஒரு நோட்டு போதும். சமைத்தது, விற்றது, மிஞ்சியது, தீர்ந்த நேரம், தீர்ந்தபின் வந்து கேட்டவர் எத்தனை பேர் என்று ஐந்து கட்டம் போடுங்கள். கடைசி இரண்டையும் பெரும்பாலோர் எழுதுவதில்லை. அவை இல்லாவிட்டால் தீர்ந்துபோன நாளின் உண்மையான தேவை என்ன என்பது தெரியாமலே போய்விடும். திங்கள்கிழமையைத் திங்கள்கிழமையோடுதான் ஒப்பிட வேண்டும். விற்றதையும் தீர்ந்தபின் கேட்டவரையும் கூட்டினால் அன்றைய தேவை. ஒரே கிழமையின் பத்துத் தேவை எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, ஆறாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அந்தக் கிழமைக்கு அதுதான் அளவு.

மிச்சத்தைக் குறைக்க இன்னொரு கைப்பழக்கமும் உண்டு. அரிந்து, அரைத்து, அடிக்குழம்புவரை மொத்தமாகச் செய்துவிட்டு, முடிப்பதை மட்டும் இரண்டு தடவையாகப் பிரிப்பது. முதல் தடவை அறுபது சதவீதம். வியாபாரம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியை முடிப்பது. பட்டியலில் மூன்று நான்கு வகைக்கு மேல் வேண்டாம். அவையும் ஒரே சாமானைப் பங்கு போட்டுக்கொள்கிற வகைகளாக இருக்கட்டும். பத்து வகை வைத்தால் பத்து இடத்தில் மிஞ்சும்.

மிஞ்சியதை மறுநாளுக்கு வைப்பதில்தான் பெரிய ஆபத்து. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி பெருகும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விதியில் இதற்கு ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது: அந்த இடைவெளியில் மொத்தம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், 2 முதல் 4 மணி நேரம் என்றால் உடனே தின்றுவிட வேண்டும், 4 மணி தாண்டினால் கொட்ட வேண்டும். சமைத்ததை ஆற்றி வைப்பதானால் 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்தில், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும். இருபது லிட்டர் பாத்திரத்தைச் சூட்டோடு குளிர்ப்பெட்டியில் தூக்கி வைத்தால் இது நடக்காது. கெட்டியான குழம்பின் நடுவில் காலையிலும் வெதுவெதுப்பு இருக்கும். சுற்றியுள்ள மற்ற பொருளும் சூடேறும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் ஊற்றி, தட்டை ஐஸ் தண்ணீரில் உட்கார வைத்துக் கிளறினால்தான் வேகமாக இறங்கும். முனை உள்ள தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்கள், ஓரத்தில் வேண்டாம்.

சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வெளியில் கிடக்கும் சோற்றில் அவை முளைத்து ஒரு நச்சை விடும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. காய்ச்சிவிட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

அளவைக் கூட்டும்போதும் ஒரு இடறல் வரும். வீட்டில் நான்கு பேருக்குச் செய்ததைப் பத்து மடங்காக்கினால் எல்லாம் பத்து மடங்காவதில்லை. பெரிய பாத்திரத்தில் ஆழத்துக்கு ஏற்ற மேற்பரப்பு இல்லை, ஆவியாகிற தண்ணீர் விகிதத்தில் குறையும். பத்து மடங்கு தண்ணீர் விட்டால் நீர்த்துப்போகும். சுருங்கட்டும் என்று கூடுதல் நேரம் கொதிக்கவிட்டால் காய் குழைந்துவிடும். தண்ணீரைக் குறைவாக விட்டு, கடைசியில் தேவைக்குச் சேர்ப்பது நல்லது. உப்பு, காரம், பொடி எல்லாவற்றையும் கிராமில் எழுதி வையுங்கள். கைப்பிடி அளவு உங்கள் கைக்குத்தான் தெரியும், உதவிக்கு வருகிறவர் கைக்குத் தெரியாது. விலை போடும்போது காயைச் சீவி நறுக்கியபின் நிறுங்கள். 1 கிலோ வாங்கி 800 கிராம் தேறினால், அந்தக் காயின் அடக்கவிலை கொடுத்ததைவிட 25 சதவீதம் அதிகம்.

இனி பாக்கெட். இங்கும் 100 பங்கிலேயே பார்ப்போம். கடைக்கு 20, இடையில் விநியோகஸ்தர் இருந்தால் 10, உங்கள் கைக்கு 70. சாமான் 30, கவரும் லேபிளும் 8 என்றால் கூலிக்கும் வண்டிக்கும் முன்னால் 32 நிற்கும். நூறு பாக்கெட்டில் பத்து திரும்பி வந்தால் வரவு 6300, செலவு 3800, நிற்பது 2500. வர வேண்டிய 3200-இல் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போகிறது. காசு வராவிட்டாலும் பரவாயில்லை, புதுப் பாக்கெட் மாற்றிக் கொடுங்கள் என்று கடைக்காரர் கேட்பார். அதுவும் உங்கள் செலவுதான்.

இதைவிடப் பெரியது கடன். கடைக்காரர் விற்றபின் தருகிறேன் என்பார்; புதுச் சரக்குக்கு அது வழக்கம்தான். 20 கடையில் 30 பாக்கெட் வீதம் போட்டால் 600 பாக்கெட் வெளியே நிற்கும். முதல் சரக்கின் பணம் வருமுன் அலமாரி காலியாகக் கூடாதென்று இரண்டாம் சரக்கும் போட வேண்டியிருக்கும். முதல் ரூபாய் கையில் விழுமுன் 1200 பாக்கெட்டின் அடக்கவிலை தெருவில் இருக்கிறது. கடைக்குப் போனது விற்பனை என்று எழுதி, அடுத்த பேட்சுக்குச் சாமான் வாங்கிவிடுகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். கடைக்கு வந்த ஆள் காசு கொடுத்து எடுத்துப்போனால்தான் அது விற்பனை. இந்த வழியில் போகிறவர் முதலில் ஐந்தே கடை போதும் என்று நிற்பது நல்லது. வாரம் ஒருமுறை நேரில் போய் அலமாரியில் மீதியை எண்ணி, தேதி பழையதை முன்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

அச்சடித்த கவர் இன்னொரு பொறி. அச்சுக்காரர்கள் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே எடுக்க மாட்டார்கள். எடையையோ விலையையோ மாற்ற நேர்ந்தால் மொத்தக் கவரும் குப்பை. வெற்றுக் கவரில் ஒட்டும் லேபிளே ஆரம்பத்துக்குப் போதும்.

பண்டம் கெடுகிற விதத்துக்கு வருவோம். பாக்கெட் தொழிலின் இதயம் நீர்ச் செயல்பாடு என்ற அளவு; பண்டத்தில் கிருமிக்குக் கிடைக்கிற தண்ணீர் எவ்வளவு என்பதை அது காட்டும். 0 முதல் 1 வரை போகும், 0.85-க்குக் கீழே நோய்க் கிருமிகள் பெருகாது, 0.6-க்குக் கீழே பூஞ்சைகூட வளராது. காய்ந்த பொடியும் மொறுமொறுப்பான தின்பண்டமும் இந்த எல்லைக்குள் வந்துவிடும். அவை கெடுவது வேறு வழியில். எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து சிக்கு வாடை எடுக்கும்; ஈரம் உள்ளே போய் நமுத்துப்போகும். சூட்டோடு அடைத்தால் உள்ளே ஆவி குளிர்ந்து துளியாகும். ஆறட்டும் என்று ஈரக்காற்றில் வெகுநேரம் பரப்பி வைத்தாலும் நமுக்கும். முழுக்க ஆறியதும் தாமதிக்காமல் அடைக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் பொடியோ எண்ணெயோ படிந்தால் சீல் ஒட்டினாற்போல் இருந்தும் மயிரிழை வழி விட்டிருக்கும். பேட்சுக்கு ஐந்து பாக்கெட்டைத் தண்ணீரில் அமுக்கி அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் மொத்தப் பேட்சையும் மறுபடி சீல் போட வேண்டும். வெளிச்சம் ஊடுருவும் கவர் அலமாரியில் அழகாக இருக்கும், எண்ணெய்ப் பண்டத்தைச் சீக்கிரம் கெடுக்கும். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்ப ஊற்றினால் எந்தக் கவரும் காப்பாற்றாது. பல நாடுகளில், காய்ந்து காய்ந்து எண்ணெய் சிதைவதால் உண்டாகிற போலார் சேர்மங்கள் 24 முதல் 27 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்ட வேண்டும் என்பது விதி.

காய்ந்த பண்டம் என்றால் பயமில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. ஈரமில்லாத பண்டத்தில் கிருமி பெருகாது, ஆனால் சாகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். 2008-09-இல் அமெரிக்காவில் நிலக்கடலை விழுதில் இருந்த சால்மோனெல்லா என்ற கிருமியால் 46 மாநிலங்களில் 714 பேர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். அந்த விழுதைச் சேர்த்துச் செய்த ஆயிரக்கணக்கான வேறு பண்டங்களையும் திரும்பப் பெற வேண்டியிருந்தது. வறுத்தபின் தொடுகிற கை, கரண்டி, தட்டு எல்லாம் பச்சைச் சாமான் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வது அதனால்தான்.

பாக்கெட் ஜெயிக்கிற இடங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தினமும் நிற்க முடியாதவருக்கு, வீட்டில் கவனித்துக்கொள்ள வேண்டிய ஆள் இருக்கிறவருக்கு, ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் இருப்பவருக்குச் சட்டி சரிவராது. பெரிதாக வளர வேண்டுமானால் கடைசியில் பாக்கெட்தான் கைகொடுக்கும். சட்டியில் இரண்டாவது கிளை திறப்பது முதல் கிளையைவிடக் கடினம். புட்டியில் அடைத்து அழுத்தத்தில் வேகவைக்கிற ஈரப் பண்டம், உறைய வைத்து விற்பது, இவை தனிக் களம். மேலே சொன்ன கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். குறிப்பாக, காரகாடித்தன்மை அளவு (pH) 4.6-க்கு மேல் உள்ள, அதாவது புளிப்பு குறைந்த, ஈரப் பண்டத்தைக் காற்றில்லாமல் அடைத்தால் உயிருக்கே ஆபத்தான போட்டுலினம் நச்சு உண்டாகலாம். அதை வீட்டு அடுப்பில் முயலவே கூடாது.

சட்டியில் ஆரம்பித்தவருக்குப் பாக்கெட்டுக்கு வழி தானாகத் திறக்கும். ஏதோ ஒரு பண்டத்தை மட்டும் ஆள்கள் வீட்டுக்குக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதில் ஐம்பது பாக்கெட் மட்டும் போடுங்கள். பேட்ச் எண்ணும் தேதியும் எழுதிப் பன்னிரண்டை எடுத்து வையுங்கள்: ஆறு அறையின் சாதாரண இடத்தில், ஆறு அடுப்புக்குப் பக்கத்துச் சூடான அலமாரியில். பதினைந்து நாளுக்கு ஒன்று வீதம் இரண்டிலும் பிரித்து, முகர்ந்து, கடித்துப் பாருங்கள். எடுத்து வைக்கும்போதும் திறக்குமுன்னும் எடை போட்டு எழுதுங்கள். எடை கூடியிருந்தால் கவர் ஈரத்தை விடுகிறது. சூடான அலமாரியில் எந்தத் தடவை பிரித்தபோது வாடை மாறியிருந்ததோ, அதற்கு முந்தைய தடவையின் நாளுக்கு மேல் காலாவதித் தேதி போடாதீர்கள்.