போன் பேக்கப் ஏன் பாதியில் நிற்கிறது: திருகோணமலையிலிருந்து சில வருட அனுபவம்

போனில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கணினிக்குள் பேக்கப் எடுக்கும் முறை எங்கள் வீட்டில் சரிவரவில்லை. படங்களையும் வீடியோக்களையும் முதலில் தனியாக இறக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பேக்கப் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த வேலை ஒழுங்காக நடக்கிறது. பேக்கப் பாதியில் நின்று நின்று அலுத்துப் போனவர்கள் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பதற்காகவே முதலில் சொல்லிவிட்டேன்.

நாங்கள் இருப்பது உவர்மலையில். என்னிடம் ஐபோன், கணவரிடமும் அம்மாவிடமும் சாம்சங். மூன்றுக்கும் சேர்த்து ஒரு விண்டோஸ் லப்டொப்பும் ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க்கும். பேக்கப் எடுக்கும் பொறுப்பு தொடக்கத்திலிருந்தே என்னுடையது. கிளவுடில் போடலாமே என்று பலர் கேட்பார்கள். ஐகிளவுட் இலவசமாகத் தருவது 5 ஜிபி, கூகுள் தருவது 15 ஜிபி. கோயில் திருவிழா ஒன்றின் வீடியோக்களே அதை நிரப்பிவிடும். காசு கட்டி இடம் வாங்கினாலும், மாதாந்த டேட்டா அளவு உள்ள இணைப்பில் 100 ஜிபியை மேலே ஏற்றுவது லேசான காரியம் இல்லை. கணினியில் எடுத்தால் டேட்டா செலவு கிடையாது, பொருளும் நம் கையிலேயே இருக்கும்.

இதில் நான் இவ்வளவு கவனமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. திருக்கடலூரில் இருந்த என் சித்தியின் கலியாணப் படம் ஒன்றுகூட இன்று யாரிடமும் இல்லை. அப்போது பிரதி எடுத்து வைக்க வசதி இருக்கவில்லை. இப்போது இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பேக்கப் நின்றவுடன் எல்லோரும் செய்வது, கணினியில் ஐபோன் பேக்கப் எடுக்கும் ஆப்பிளின் மென்பொருளான ஐடியூன்ஸை அழித்துத் திரும்பப் போடுவது. அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. முதலில் பார்க்க வேண்டியது கேபிளையும் போனின் சார்ஜிங் ஓட்டையையும். 'ஐபோன் துண்டிக்கப்பட்டதால் பேக்கப் எடுக்க முடியவில்லை' என்று திரையில் வந்தால், பெரும்பாலும் அது சொல்வது உண்மைதான்: இணைப்பு ஒரு கணம் விட்டுப் போயிருக்கிறது. சார்ஜ் ஏறும்போது ஒரு கணம் விட்டாலும் நமக்குத் தெரியாது, திரும்ப ஏறத் தொடங்கிவிடும். பேக்கப் அப்படியில்லை, அந்த ஒரு கணத்திலேயே முழுவதும் நின்றுவிடும். ஆகவே "சார்ஜ் நல்லா ஏறுது, கேபிள் நல்லம்தான்" என்ற முடிவுக்கு வர முடியாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்களில் டேட்டா போகும் கம்பிகளே இருப்பதில்லை, சார்ஜுக்கு மட்டும்தான்.

கடற்கரை ஊரில் இதோடு இன்னொரு பிரச்சினையும் சேர்கிறது. உப்புக் காற்று. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஈரப்பதமும் கூடிவிடும். சட்டைப் பையில் இருக்கும் போனின் ஓட்டைக்குள் நூலும் தூசியும் அடைந்து, அதில் ஈரமும் உப்பும் ஏறி இறுகிப் போகும். புதுக் கேபிள் போட்டும் இணைப்பு விட்டுக்கொண்டே இருந்ததால் டவுனில் ஒரு திருத்தும் கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி லைட் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, கேபிள்ல பிழை இல்ல. உள்ளுக்க பஞ்சு இறுகிப் போய்க் கிடக்கு, ஒரு பின்ல பச்சையும் பிடிச்சிருக்கு" என்று சொல்லி, அந்த இடத்திலேயே சுத்தம் செய்து தந்தார். அதன்பிறகு கேபிள் 'டக்' என்று ஆழமாகப் போய் உட்கார்ந்தது, துண்டிப்பும் நின்றது. இதை வீட்டில் ஊசியால் கிண்ட வேண்டாம், பின் உடைந்தால் செலவு பல மடங்கு. ஒரு ஓட்டையைப் பலவாகப் பிரிக்கும் யூஎஸ்பி ஹப்பையும், மேசைக் கணினி என்றால் அதன் முன்பக்க ஓட்டையையும் தவிர்த்து, பின்பக்கத்தில் நேரடியாகச் செருகுவது நல்லது.

அடுத்தது கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடே இருண்டதும் நினைவிருக்கும். அவ்வளவு பெரிய தடையாக இருக்க வேண்டியதில்லை, சிறிய வெட்டே பேக்கப்பைக் கெடுக்கப் போதும். லப்டொப்பில் பேட்டரி இருப்பதால் ஒன்றும் ஆகாது என்றுதான் தோன்றும். ஆனால் கரண்ட் போனதும் விண்டோஸ் பேட்டரி முறைக்கு மாறிவிடும். அந்த முறையில் கணினி உறக்கத்துக்குப் போகும் நேரம் வழமையாகக் குறைவாக இருக்கும். யாரும் தொடாமல் மேசையில் கிடக்கும் லப்டொப் சிறிது நேரத்தில் உறங்கிவிடும், பேக்கப்பும் அதோடு போய்விடும். கரண்ட் வந்த பிறகு பார்த்தால் காரணமே தெரியாத ஒரு பிழைச் செய்தி மட்டும் இருக்கும். இதை நான் கண்டுபிடித்தது பிழைச் செய்தி வந்த நேரத்தையும் மின்வெட்டு நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான். பவர் அமைப்புகளில் உறக்க நேரம் இரண்டு இடத்தில் இருக்கும்: ஒன்று கரண்டில் ஓடும்போது, மற்றது பேட்டரியில் ஓடும்போது. பேக்கப் எடுக்கும் நாளில் இரண்டையும் 'ஒருபோதும் இல்லை' என்று மாற்றி விடுகிறேன். தனி அடாப்டரில் ஓடும் பெரிய ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு, கரண்ட் போனாலும் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் கட்டாயம். யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் சிறியது நம் ஊருக்குப் பொருத்தம்.

எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். லைட்னிங் ஓட்டை உள்ள ஐபோன்கள் பெரும்பாலும் யூஎஸ்பி 2 வேகத்தில்தான் ஓடுகின்றன. அதாவது நொடிக்கு 480 மெகாபிட். ஏட்டுக் கணக்கில் 100 ஜிபிக்கு அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும், நடைமுறையில் அதைவிட நன்றாகவே கூடும். ஐபோன் 15 சாதாரண மாடலில் யூஎஸ்பி-சி வந்தும் வேகம் அதேதான். பேக்கப் அசையாமல் நிற்பது போலத் தெரிந்தால் உடனே கேபிளைக் கழற்ற வேண்டாம்.

ஐபோன்காரர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று: ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸின் 16.1 பதிப்பு முதல், கணினியில் பேக்கப் எடுக்கும் ஒவ்வொரு முறையும் போனில் கடவு எண்ணை அடித்தாக வேண்டும். முன்பு போல ஒருமுறை 'நம்புகிறேன்' என்று அழுத்தினால் போதாது. போனை கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், அது கடவு எண்ணுக்காகக் காத்துக் கிடக்கும், பேக்கப் தொடங்கியே இராது. கடவு எண்ணை அடித்துவிட்டு, கணினியில் பட்டை நகரத் தொடங்கும் வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

இடம் போதவில்லை என்ற செய்தி வந்தால் பெரும்பாலும் சி டிரைவ் நிரம்பியிருக்கும். விண்டோஸில் ஐபோன் பேக்கப் சி டிரைவில்தான் போய் விழும், எங்கே வைக்கலாம் என்று அது கேட்பதும் இல்லை. ஆப்பிளின் தளத்திலிருந்து இறக்கிய ஐடியூன்ஸ் என்றால், பயனர் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, ரோமிங், ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க், பேக்கப் என்று உள்ளே போக வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் வழியாக வந்தது என்றால், பயனர் கோப்புறையில் ஆப்பிள், மொபைல்சிங்க், பேக்கப். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர்கள் பழைய பேக்கப் காணாமல் போய்விட்டது என்று பதறுவார்கள். பழையது பழைய இடத்திலேயே இருக்கும், போய்ப் பாருங்கள். விண்டோஸில் உள்ள எம்கேலிங்க் (mklink) என்ற கட்டளையால் அந்தக் கோப்புறையை வெளி டிஸ்க்குக்குத் திருப்பிவிடலாம். நான் செய்து வைத்திருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. டிஸ்க் செருகியிருக்க வேண்டும், டிரைவ் எழுத்தும் மாறக்கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் பேக்கப் தோற்கும்.

'பேக்கப் பழுதடைந்துள்ளது' என்று வந்தால் பழையதை அழிக்கச் சொல்லித்தான் எங்கும் எழுதியிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கோப்புறையை வெட்டி வேறு இடத்தில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள். புதியது முழுதாக முடிந்து, அதைப் பார்த்து உறுதி செய்த பிறகு பழையதை அழிக்கலாம். கையில் இருக்கும் ஒரே பிரதியை, இன்னொன்று வரும் என்ற நம்பிக்கையில் அழிக்கக் கூடாது.

இனிப் படங்கள். ஐகிளவுட் போட்டோஸ் அணைந்திருந்தால் போனில் உள்ள படம், வீடியோ எல்லாம் பேக்கப்புக்குள் போகும். அதனால்தான் பேக்கப் ஊதிப் பெருத்து மணிக்கணக்காக ஓடுகிறது. நேரம் கூடக் கூட, கேபிள் விடுவதற்கும் கரண்ட் போவதற்கும் வாய்ப்பும் கூடுகிறது. இன்னொன்று, அந்தப் பேக்கப்பைத் திறந்து ஒரு படத்தை எடுத்துப் பார்க்க முடியாது. உள்ளே கோப்புகள் எல்லாம் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில்தான் இருக்கும். படங்களைத் தனியாக, வருடம், மாதம் என்று கோப்புறை போட்டு வைத்தால், எந்தக் கணினியிலும் எந்த நேரத்திலும் திறக்கலாம்.

இறக்கும்போது 'இணைக்கப்பட்ட சாதனம் இயங்கவில்லை' என்று ஒரு செய்தி வந்து பலரை நோகடிக்கும். போன் நன்றாகத்தான் இருக்கும். ஐபோன் படங்களை எச்இஐசி (HEIC) என்ற கோப்பு வடிவில் வைத்திருக்கிறது, விண்டோஸுக்குக் கொடுக்கும்போது ஓடஓடவே வழமையான ஜேபெக் (JPEG) வடிவுக்கு மாற்றித் தர முயல்கிறது. அந்த மாற்றலில்தான் தடக்குகிறது. போனின் அமைப்புகளில் போட்டோஸ் பகுதிக்குப் போய், கடைசியில் உள்ள 'மேக் அல்லது பிசிக்கு மாற்றுதல்' என்பதை 'தானியங்கி'யிலிருந்து 'மூலத்தையே வைத்திரு' என்று மாற்றினால் தீர்ந்தது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலையே இதுதான், அவ்வளவு பேருக்கு இது உதவியிருக்கிறது. ஐகிளவுட் போட்டோஸில் 'சேமிப்பைச் சிக்கனப்படுத்து' போட்டிருந்தால் மூலப் படங்கள் போனிலேயே இல்லாமல் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய வீடியோ ஒன்று மட்டும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற மறுத்தால், டிஸ்க், கோப்புகளைப் பதியும் பழைய முறையான ஃபேட்32 வடிவில் இருக்கும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவுக்கு மாற்றினால் சரி, ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், அதனால் முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள்.

ஆண்ட்ராய்டில் கதை வேறு. அம்மாவின் சாம்சங்கைச் செருகினால் முதலில் சார்ஜ் மட்டும்தான் ஏறும். பூட்டைத் திறந்து, மேலிருந்து அறிவிப்பை இழுத்து, 'கோப்புகளை மாற்றுதல்' என்பதைத் தெரிவு செய்த பிறகுதான் கணினிக்கு உள்ளே இருப்பது தெரியும். ஆயிரக்கணக்கான படங்களை ஒரே தடவையில் இழுத்துப் போட்டால் பாதியில் உறைந்துவிடுகிறது, எதுவரை வந்தது என்று கண்டுபிடிப்பது பெரும் தலைவலி. சிறு சிறு தொகுதியாகத் தெரிவு செய்து இறக்குவதே நிம்மதி. ஆப்களின் உள்விபரங்கள் இந்த வழியில் வராது. தொடர்பு எண்களுக்கும் குறுஞ்செய்திகளுக்கும் சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச் மென்பொருளைக் கணினியில் போட்டு எடுக்கிறேன், அதில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு முக்கியம் வாட்ஸ்அப். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளின் குரல் பதிவுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆண்ட்ராய்டு 11க்குப் பிறகு அந்தக் கோப்புறை இடம் மாறிவிட்டது. ஆண்ட்ராய்டு, மீடியா, காம் டாட் வாட்ஸ்அப், வாட்ஸ்அப் என்று உள்ளே போனால் மீடியாவும் டேட்டாபேஸஸும் இருக்கும். முழு வாட்ஸ்அப் கோப்புறையையும் எடுத்துவிடுங்கள். அரட்டைகள் உள்ள கோப்பு மறையாக்கம் செய்யப்பட்டது, கணினியில் திறந்து வாசிக்க முடியாது, அதே எண்ணில் வாட்ஸ்அப் போட்டுத்தான் மீட்க வேண்டும். குரல் பதிவுகளும் படங்களும் சாதாரணமாகவே திறக்கும்.

முடிந்தது என்று திரை சொன்னாலும் நான் நம்புவதில்லை. படக் கோப்புறையில் பழையது ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியாக எடுத்த வீடியோ ஒன்று என்று திறந்து ஓடவிட்டுப் பார்ப்பேன். போனில் உள்ள எண்ணிக்கையோடும் ஒப்பிடுவேன். ஐபோன் பேக்கப்பை எப்போதும் மறையாக்கத்துடன்தான் எடுக்கிறேன். அப்படி எடுத்தால்தான் கடவுச்சொற்களும் உடல்நலத் தரவும் அழைப்பு வரலாறும் சேர்ந்து வரும். மறையாக்கத்துக்குக் கொடுத்த கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, வீட்டு உறுதியும் பாஸ்போர்ட்டும் இருக்கும் பையில் வைத்திருக்கிறேன். அது மறந்துபோனால் அந்தப் பேக்கப்பை ஆப்பிளாலும் திறந்து தர முடியாது. போனில் 'எல்லா அமைப்புகளையும் மீட்டமை' கொடுத்தால் புதுக் கடவுச்சொல்லோடு புதிய பேக்கப் எடுக்கலாம், பழையது பூட்டியபடியேதான் இருக்கும்.

புதுப் போனுக்கு மாற்றும் நாளில் ஒரு தடை வரக்கூடும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய போனில் புதிய ஐஓஎஸ் இருந்து, வாங்கிய போனில் அதைவிடப் பழையது இருந்தால் பேக்கப்பை ஏற்காது. பேக்கப்பில் பிழை இல்லை. புதுப் போனை முதலில் அப்டேட் செய்துவிட்டு அப்புறம் மீட்டெடுக்க வேண்டும். அந்த அப்டேட்டே பல ஜிபி வரும், ஆகவே டேட்டா மிச்சமிருக்கும் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பழைய போனை விற்பதையோ அழிப்பதையோ அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.