கண்குழிக்கு எந்தப் பிளேட்: கையால் வளைத்ததா, அளவெடுத்து அச்சிட்டதா?

அலங்காநல்லூர் வாடிவாசலில் காளை முகத்தில் முட்டினாலும், மதுரைப் புறவழிச்சாலையில் தலைக்கவசமின்றி வண்டியிலிருந்து விழுந்தாலும், கன்ன எலும்போடு சேர்ந்து கண்குழியும் உடையக்கூடும். ஏழு எலும்புகள் கூடி அமைந்த அந்தக் குழியின் தளமும் மூக்கை ஒட்டிய சுவரும் மிக மெல்லியவை. அவை பெரிதாக உடைந்தால் குழியின் கொள்ளளவு கூடி, கண் உள்வாங்குகிறது. தசையோ கொழுப்போ பிளவில் சிக்கினால் இரட்டைப் பார்வை வருகிறது. சிறு விரிசல்களுக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படாமல் போகலாம்.

பெரிதாக உடைந்த சுவருக்கு ஈடாக எதையாவது தாங்கலாக வைக்க வேண்டும். மண்டையோட்டிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பு எடுத்து வைப்பது பழைய முறை. எடுத்த இடத்திலும் புண்ணாகும், வைத்த எலும்பு காலப்போக்கில் ஓரளவு கரையவும் கூடும். நுண்துளைப் பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக் தகடு மென்மையானது என்றாலும், உலோகம் சேராத வகை சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியாது. ஆகவே பெரிய முறிவுகளில் உண்மையான போட்டி இரு வகை டைட்டானியத் தகடுகளுக்கிடையே தான்: கையால் வளைத்த வலை, அளவெடுத்து அச்சிட்ட பிளேட்.

சாதாரண டைட்டானியம் வலையை மருத்துவர் அறுவை அரங்கிலேயே வெட்டி வளைக்கிறார். விலை குறைவு, உடனே கிடைக்கும். ஆனால் வெட்டிய முனைகள் கொழுப்பில் மாட்டும், சரியாக அமையும்வரை பலமுறை உள்ளே நுழைத்து எடுக்க நேரும். தளமும் பக்கச் சுவரும் சேரும் வளைவு உடைந்து, குழியின் பின்கோடியில் தகடு அமர வேண்டிய எலும்பு விளிம்பும் கண்ணுக்கு எட்டாதபோது, அனுபவமுள்ள கைக்கும் அது கடினமே. அளவெடுத்த பிளேட் ஈடுகொடுப்பது அங்கேதான்: மெல்லிய வெட்டுகளாக எடுத்த சி.டி. படத்தில் நலமான பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, அதன் மேல் வடிவமைத்து, லேசரால் டைட்டானியத் தூளை உருக்கி அடுக்கடுக்காக அச்சிடுகிறார்கள். முன்பே ஒருமுறை அறுவை நடந்தும் கண் உள்வாங்கியே இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன்.

ஆனால் "விலை கூடினதையே வைத்துவிடுங்கள்" என்று உறவினர்கள் கேட்பது சரியல்ல. தளத்தில் மட்டும் ஏற்பட்ட சிறிய முறிவுக்கு வளைத்த வலையே போதும். இரு கண்குழிகளும் நொறுங்கியிருந்தால் பிம்பமெடுக்க நலமான பக்கம் இல்லை. வடிவமைத்து அச்சிட்டுக் கிருமிநீக்கம் செய்துவர நாட்கள் ஆகும். வந்த பிளேட் பொருந்தாவிட்டால் அரங்கில் அதை மாற்றுவதும் எளிதல்ல. சிறுவர்களுக்குத் தசை பிளவில் இறுகிக் கண் மேலே திரும்பாமல், குமட்டலும் நாடித்துடிப்புக் குறைவும் தெரிந்தால், ஓரிரு நாட்களுக்குள் தசையை விடுவித்தாக வேண்டும். அங்கே பிளேட் பற்றிய பேச்சே பிறகுதான்.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. பிம்பமாகத் திருப்பிய கண்குழியைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டு, சாதாரண வலையை அதன்மீது முன்கூட்டியே வளைத்துக் கிருமிநீக்கம் செய்து வைத்துக்கொள்வது. அளவெடுத்த பிளேட்டின் நுட்பம் முழுதும் வராவிட்டாலும் வடிவம் பெருமளவு கிடைக்கும், செலவு மிகக் குறையும். அளவெடுத்த பிளேட்டுக்காகச் சென்னைக்குப் புறப்படுமுன் உள்ளூர் மருத்துவரிடம் இதற்கு வசதி உண்டா என்று கேட்கலாம்.