மழை ஊர்ல மீடியம் ஃபார்மட் கமரா: யாஷிகாவா, மாமியாவா?

ஹட்டன், நுவரெலியா பக்கம் இருந்துக்கிட்டு 120 ஃபில்ம் (சாதாரண 35 மில்லிமீட்டரை விட அகலமான ரோல்) போடுற மீடியம் ஃபார்மட் கமரா ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல தேடுற தம்பி தங்கச்சிமாருக்கு இது. ஹசல்பிளாட் வாங்குற சல்லி இல்லைன்னா தேடல் கடைசில மூணுல வந்து நிக்கும்: யாஷிகா மேட் 124ஜி, மாமியா எம்645, மாமியா ஆர்பி67. நான் யாஷிகா எடுத்தேன், இன்னொரு தடவை எடுத்தாலும் அதைத்தான் எடுப்பேன், அதனால நான் எந்தப் பக்கம்னு முதல்லயே தெரிஞ்சுக்கிட்டு வாசிங்க.

படத்தோட தரம் பத்தி பெருசா பேச வேணாம், மூணுமே நல்லா வரும். ஒரு ரோலுக்கு யாஷிகால 12 படம், 645ல 15, ஆர்பில 10, ரோல் விக்கிற விலைக்கு 645தான் சிக்கனம். லென்ஸ் மாத்தி மாத்தி எடுக்கணும்னா யாஷிகா சரிவராது, 80 மில்லிமீட்டர் ஒண்ணோட இருந்துக்கணும். ஆர்பி லென்ஸோட ரெண்டரை கிலோவுக்கு மேல, ஸ்டூடியோவுல ஸ்டாண்ட்ல வச்சு எடுக்க ராஜா, அதைத் தோள்ல போட்டுக்கிட்டு சிவனொளிபாத மலை ஏற முடியுமான்னு நீங்களே யோசிங்க.

ஆனா நம்ம பக்கத்துக்கு உண்மையான கேள்வி ஈரம்தான். மே மாசம் தென்மேல் பருவமழை இறங்கிட்டா வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா எல்லாம் செப்டம்பர் வரைக்கும் காயாது, அலுமாரியில வச்ச சப்பாத்தே பூத்துப் போகுது, லென்ஸ் மட்டும் தப்புமா? பண்டாரவளை, ஹப்புத்தளை ஆக்களுக்கு அந்த மாசங்கள் கொஞ்சம் பரவாயில்ல, ஆனா ஒக்டோபருக்குப் பிறகு அவங்களுக்கும் இதே பாடுதான். அதனால பூஞ்சணம் வருமான்னு கேக்காதீங்க, வந்தா எந்தக் கமராவைத் திறந்து துடைக்கலாம்னு கேளுங்க.

யாஷிகா இங்கதான் ஜெயிக்குது. அதுல மேல ஒரு லென்ஸ் பார்க்க, கீழ ஒண்ணு படம் எடுக்க; படம் எடுக்கிற லென்ஸ்ல மொத்தமே நாலு கண்ணாடிதான், ஷட்டருக்கு முன்னால ரெண்டு, பின்னால ஒட்டின ஜோடி ஒண்ணு. முன்பக்கத்தை ரப்பர் வச்சு அழுத்தித் திருகினா கழண்டு வரும், கைப்பழக்கம் உள்ள மணிக்கூட்டு பாஸ் ஒருத்தர் பக்கத்துல இருந்தா அவருக்கு இது பெரிய வேலையே இல்ல. ஒட்டின ஜோடிக்கு நடுவுல பூஞ்சணம் போயிட்டா மட்டும் விட்டுடுங்க, அதைப் பிரிக்கிறது வீட்டு வேலை இல்ல. 645 லென்ஸ்ல கண்ணாடியும் கூட, ஃபோகஸ் வளையத்தோட சேர்த்துப் பிரிச்சு திரும்ப அதே இடத்துல பூட்டணும். அதுக்கு மேல அதோட ஷட்டர் எலக்ட்ரானிக், 6 வோல்ட் பெட்டரி இல்லைன்னா ஓடாது (எல்ஆர்44 பட்டன் பெட்டரி நாலை அடுக்கிப் போட்டு சமாளிக்கலாம், அது வேற), ஈரத்துல கான்டாக்ட் பச்சை பிடிச்சா நல்ல பெட்டரி போட்டும் வேலை செய்யாது. பொடிக்குள்ள படத்தை மேல காட்டுற மிரருக்கு மேல இருக்கிற ஸ்பொஞ்சும் இத்தனை வருஷத்துல கரைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். யாஷிகாவுல பெட்டரி வெளிச்சம் அளக்கிற மீட்டருக்கு மட்டும்தான், அதுவும் இப்ப விக்காத 1.35 வோல்ட் மெர்குரி பெட்டரி, அதனால மீட்டரை மறந்துட்டு போன்ல ஒரு ஆப் போட்டுக்கங்க, ஷட்டர் ஸ்பிரிங்லயே ஓடும். வெள்ளைப் பனி மூடின நேரம் ஆப் சொல்றதுக்கு மேல ஒரு ஸ்டொப் (ரெண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டி வைங்க, இல்லைன்னா படம் இருட்டா வரும்.

ஆர்பிக்கும் பெட்டரி வேணாம், அந்த விஷயத்துல நியாயமா அதுவும் இதுக்குச் சமம். ஆனா அதுல ஃபோகஸ் பண்றது பெல்லோஸ்ல (ஆர்மோனியத்துல இருக்கிற மாதிரி மடிப்பு), அந்த மடிப்புல பூஞ்சணம் பூத்து ஊசி ஓட்டை விழுந்தா வெளிச்சம் உள்ள வந்துடும். கூட்டாளிகிட்ட இரவல் வாங்கிக் கொஞ்ச நாள்தான் பாவிச்சேன், அதனால ஒரு மழைக்காலம் முழுக்க அது எப்படித் தாங்கும்னு என் வாயால சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் பார்க்குற முறை ஒண்ணுதான். யாஷிகான்னா பின் கதவைத் திறந்து, ஷட்டரை பி-ல (அமத்துற வரைக்கும் திறந்தே இருக்கும்) வச்சு அமத்திப் பிடிச்சு, அப்பர்ச்சரை (லென்ஸ் துவாரம்) முழுசாத் திறந்து, போன் டோர்ச்சை பின்னால இருந்து கொஞ்சம் சரிச்சு அடிங்க. நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது, சரிச்சு அடிச்சாத்தான் ஓரத்துல இருந்து சிலந்தி வலை மாதிரி நூல் நூலா ஓடுறது தெரியும். தூசி நாலு இருந்தா பரவாயில்ல. துடைச்ச பிறகும் அந்த நூலோட தடம் நின்னா லென்ஸ் மேல பூசின கோட்டிங்கை அரிச்சிடுச்சுன்னு அர்த்தம், அதுக்கு விலையைக் குறைச்சுக் கேளுங்க.

வீட்டுல வைக்க பூட்டு மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒண்ணு போதும், முள்ளு 40க்கும் 50க்கும் நடுவுல நிக்கட்டும். ஜெல் நிறம் மாறினா சட்டியில லேசா வறுத்துப் போடலாம், சமைக்கிற சட்டி வேணாம். கமராவோட வர்ற தோல் கேஸ் பார்க்க அழகா இருக்கும், ஆனா தோல் ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதுக்குள்ள கமராவை வச்சுப் பூட்டாதீங்க.

லென்ஸ் மாத்தணும், 15 படம் வேணும்னு 645தான் எடுக்கப் போறீங்கன்னா பெட்டரி அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்க, எல்லா ஸ்பீட்லயும் ஷட்டரை அடிச்சுக் காட்டச் சொல்லுங்க, ரெண்டையும் பார்க்காம சல்லி குடுக்காதீங்க.