பரதம் கற்க எங்கே சேருவது? மன்றப் பள்ளி, தனி வகுப்பு, ஆன்லைன்: மூன்றிலும் ஆடிப் பார்த்த பிறகு

10 வயதில் விட்ட பரதநாட்டியத்தை 38 வயதில் மறுபடி தொட்டேன். முதலில் ஆன்லைனில் மூன்று மாதம். அப்புறம் ஒரு டீச்சர் வீட்டில் தனி வகுப்பு, ஐந்து மாதம். கடைசியாக ஒரு மன்றம் நடத்தும் நடனப் பள்ளி. அங்கேதான் இது மூன்றாவது வருடம். சிறுவர், பெரியவர் என்று யாரும் சேரலாம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, ஒரு பொதுக்கூடம், ஒரு டீச்சர், பத்துப் பதினைந்து பேர் என்று நடக்கிற பள்ளி அது. இனி மன்றப் பள்ளி என்றே சொல்கிறேன்.

நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும். மறைக்கவும் இல்லை.

கட்டணம், தூரம், நேரம் மூன்றையும் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். மன்றத்தில் செலவு குறைவு, தனி வகுப்பில் அதிகம். ஆன்லைனில் அலைச்சல் இல்லை. கவனிப்பு தனி வகுப்பில்தான் அதிகம். இதையெல்லாம் சொல்ல ஒரு கட்டுரை வேண்டாம்.

ஆன்லைனை முதலில் முடித்துவிடுகிறேன். முத்திரைகளுக்கு அது நல்ல வழி, சந்தேகமே இல்லை. ஒற்றைக் கை முத்திரைகள் 28, தலை அசைவு 9, கழுத்து அசைவு 4. சுலோகத்தோடு இவற்றைத் திரையில் பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓட்டிக் கற்றது இன்றும் எனக்குக் கையில் இருக்கிறது. சிக்கல் காலில்தான். டீச்சர் தட்டுக்கழியால் கட்டையில் தட்டும் ஒலி என்னிடம் வர ஒரு கணம் ஆகிறது, நான் தட்டுவது அவரிடம் போக இன்னொரு கணம். நான் தாளத்தில் தட்டினாலும் அவருக்குப் பிந்தியே கேட்கும். மெதுவான முதல் காலத்தில் சமாளிக்கலாம், மிக வேகமான மூன்றாம் காலத்தில் முடியாது. இதற்கு மேல் ஒரு வேடிக்கை: வீடியோ அழைப்புச் செயலிகள் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று கழிச் சத்தத்தையே விழுங்கிவிடுகின்றன. கழி மேலே போகிறது, கீழே வருகிறது, ஒலியைக் காணோம். அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தபோது ஒரு மாதம் ஓடியிருந்தது. இடது வலது குழப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எதிரே நின்று ஆடுபவரைப் பார்த்து ஆடிய எல்லாருக்கும் அது தெரியும்.

தனி வகுப்புக்கு வருகிறேன். முழங்காலைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டி என்ற நிலையை எனக்குச் சரி செய்தது அங்கேதான். அந்தக் கடன் எனக்கு உண்டு. முதல் நாள் நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, கழியின் நுனியால் என் முழங்காலைத் தொட்டு, அங்கிருந்து தரையில் ஒரு கோடு இழுப்பதுபோலக் காட்டினார். கோடு என் கால்விரலுக்கு நேராகப் போகாமல் கட்டைவிரலுக்கு உள்ளே போய் விழுந்தது. பாதத்தை மட்டும் திருப்பிவிட்டு இடுப்பிலிருந்து தொடையைத் திருப்பாமல் உட்கார்ந்தால் இப்படித்தான் முழங்கால் உள்ளே சாயும், பளு முழுக்க மூட்டில் இறங்கும். "பாதத்தைக் குறைச்சுத் திருப்புங்க, பரவாயில்லை. முட்டி விரலைப் பார்க்கட்டும்" என்றார். சின்ன வயதில் யாரும் சொல்லாத ஒன்று. பதினைந்து பேர் நிற்கும் கூடத்தில் முதல் நாளே இது ஒருவர் கண்ணில் பட்டிருக்குமா? வாய்ப்பு குறைவு.

இத்தனை நல்ல வகுப்பு ஐந்து மாதத்தில் எப்படி நின்றது? யாரும் நிறுத்தவில்லை. அதுதான் விஷயம்.

ஒரு வாரம் மகளுக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் டீச்சருக்கு வெளியூர் நிகழ்ச்சி. மூன்றாவது வாரம் எனக்கு ஆபீஸில் ஏதோ கடைசி நேரம். "இந்த வாரமும் வர முடியலை டீச்சர், மன்னிச்சுக்கோங்க" என்று செய்தி அனுப்பினேன். "பரவாயில்லைம்மா" என்று பதில் வந்தது. நான்காவது வாரம் நேரம் இருந்தது, போகக் கூச்சமாக இருந்தது. மூன்று வாரமாகப் பயிற்சி செய்யவில்லை. போய் நின்றால் முதல் ஐந்து நிமிடத்தில் அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு வாரம் பயிற்சி செய்துவிட்டுப் போகலாமே என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

நடன வகுப்பை விட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்ன தேதியில் விட்டேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வாரம் போகவில்லை, அப்புறம் விட்டுப்போச்சு என்பார்கள். ஆகவே வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். நன்றாகப் போகிற வாரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்பதை விடுங்கள், போகாமல் விட்ட வாரத்துக்கு அடுத்த வகுப்பில் என்ன நடக்கிறது? வேலை, வீடு, பிள்ளை என்று இருக்கிற பெரியவர்கள் வகுப்பை விடுவது உறுதி. என் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு வகுப்புக்கு நான் போனதில்லை. அப்படியிருந்தும் ஒரே இடத்தில் மூன்றாவது வருடம் தொடர்கிறேன் என்றால், அதில் என் வைராக்கியத்துக்குப் பங்கு கொஞ்சம்தான். அந்த வகுப்பு நடக்கிற விதம் அப்படி.

தனி வகுப்பில் நான் இல்லையென்றால் வகுப்பே இல்லை. அதனால் ரத்து செய்வது ஒரு செய்தி வேலை, அதன் பாரம் மட்டும் சேர்ந்துகொண்டே போகும். ஆன்லைனில் விட்ட வகுப்பு பதிவாகக் காத்திருக்கும். காத்திருக்கிறதே என்ற தைரியத்தில் இன்னொன்றும் சேரும். என் கைப்பேசியில் அப்படிச் சேர்ந்தவை இன்னும் கிடக்கின்றன, ஒன்றைக்கூடத் திறந்ததில்லை. மன்றப் பள்ளியில் நான் போகாவிட்டாலும் வகுப்பு நடக்கும். யாரும் எனக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கேட்கக் கொஞ்சம் கல்நெஞ்சாகத் தெரியும், ஆனால் திரும்பிப் போகக் கூச்சம் இல்லாமல் செய்வது அதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். வகுப்பு தொடங்கும்போது எல்லாரும் தட்டிக் கும்பிடுவோம். உடனே அடவுகள், அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகள். தட்டடவு முதலிலிருந்து ஆரம்பம். "தெய்யா தெய்" முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். பிறகு நாட்டடவு. வருடம் மூன்றானாலும் முதல் அரை மணி நேரம் இதேதான். ஆறு மாதம் கற்றவரும் ஆறு வருடம் கற்றவரும் ஒன்றாகத் தட்டுவார்கள். சேர்ந்த புதிதில் இதென்ன, அரைத்த மாவையே அரைக்கிறார்களே என்று எரிச்சலாக இருந்தது. இரண்டு வாரம் விட்டுப் போன ஒரு நாள்தான் அதன் அருமை புரிந்தது. நான் விட்ட பாடம் எங்கேயும் ஓடிவிடவில்லை, அந்த அரை மணி நேரத்துக்குள் எப்படியும் ஒரு தடவை வந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று, வரிசை. எங்கள் கூடத்தில் மூன்று வரிசை. விட்டு வருபவர்கள் கேட்காமலே மூன்றாவது வரிசைக்குப் போவார்கள். முன்னால் இரண்டு வரிசைக் கால்கள் தெரியும், பார்த்துப் பிடித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு நாள் பின்னால் நின்று தட்டிமெட்டு என்ற அடவில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் நின்ற பத்து வயதுச் சிறுமி திரும்பாமலே, கையைப் பின்னால் நீட்டி, இரண்டு விரலால் இடது, வலது என்று காட்டினாள். டீச்சருக்குத் தெரியாமல். வகுப்பு முடிந்ததும் "ஆன்ட்டி, நீங்க லீவு போட்டப்போதான் அதை நடத்தினாங்க" என்று எனக்கே சமாதானமும் சொன்னாள்.

அப்புறம் அந்தச் சத்தம். பதினான்கு பாதங்கள் ஒன்றாக இறங்கும்போது ஒரே 'தட்'. என் பாதம் அரைக்கணம் பிந்தினால் அது தனியாகக் கேட்கும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, என் காதே சொல்லிவிடும். தனி வகுப்பில் இந்த வேலையை டீச்சர் செய்தார், கழியை நிறுத்திவிட்டு. நிறுத்தும்போது மறுபடி கூச்சம். கூட்டத்தில் தவறு செய்துகொண்டே தொடரலாம், தொடர்ந்துகொண்டே திருத்தலாம். விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

கூட்டமாக நின்று கற்பதெல்லாம் பரதமா என்று சிலர் கேட்பார்கள். நட்டுவனார், அதாவது ஆட்டம் கற்பிக்கும் குரு, ஒன்றிரண்டு பேரைப் பக்கத்தில் வைத்து உருவாக்கிய கலை என்பது உண்மைதான். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல், நட்டுவனார் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றது அப்படித்தான். ருக்மிணி தேவியே 1936இல் கலாக்ஷேத்திரா என்ற கலைக் கல்லூரியைத் தொடங்கிப் பாடத்திட்டம், வகுப்பறை என்ற வழிக்குப் பரதத்தைக் கொண்டுவந்தார். கூட்டு வகுப்பு நேற்று முளைத்தது இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். முழுநேரமாக வருடக்கணக்கில் கற்பிக்கும் கல்லூரியையும் வாரத்துக்கு இரண்டு தடவை கூடுகிற எங்கள் மன்றத்தையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள்.

மன்றப் பள்ளியில் குறை இல்லையா என்றால், நிறைய. ஆண்டு விழா நெருங்கினால் போதும், அடவாவது மண்ணாவது, மேடையில் ஆடப்போகிற ஒரே உருப்படியை ஒத்திகை பார்ப்பதிலேயே இரண்டு மாதம் போகும். நிற்கும் இடம், மேடைக்கு வரும் வழி, யார் முன்னால் யார் பின்னால் என்ற மனத்தாங்கல் வேறு. இதைவிடப் பெரிய தொல்லை டீச்சர் மாறுவது. எங்கள் பள்ளியில் இரண்டாம் வருடம் மாறினார்கள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதியவர் நல்லவர், ஆனால் பாணி வேறு. பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்திரா என்று பாணிக்குப் பாணி கை நிற்கும் இடமும் உடம்பு சாயும் அளவும் மாறும். நாட்டடவில் நான் பழகிய கையை மறக்கவே எனக்கு ஒரு பருவம் பிடித்தது. தனி டீச்சரிடம் இந்தத் தொல்லை வராது. சேரும்போதே டீச்சர் எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

தரையையும் பாருங்கள். பொதுக்கூடம் என்றால் பெரும்பாலும் சிமெண்ட் மேல் ஓடு. அடியில் இடைவெளி விட்டுப் பலகை பாவிய தளம் தட்டும் அதிர்ச்சியைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், கல் தரை அத்தனையையும் உங்கள் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் அனுப்பும். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போய் ஒரு தடவை ஓங்கித் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

யாருக்குத் தனி வகுப்பு? அரங்கேற்றம்தான் இலக்கு என்றால் அதுதான் வழி என்று ஆடி முடித்தவர்கள் சொல்கிறார்கள், நம்புகிறேன். தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள் வகுத்த வரிசைப்படி அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று உருப்படி உருப்படியாகப் போகும்போது வர்ணம் ஒன்றே அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கும். அதில் அபிநயத்தை ஒருவர் முகத்தைப் பார்த்துத்தான் திருத்த முடியும். நான் இன்னும் ஜதிஸ்வரத்தில்தான் நிற்கிறேன், அதற்கு மேல் சொன்னால் அது கேள்வி ஞானம். குழந்தைகள் விஷயத்திலும் அப்படித்தான். என் மகளுக்கு ஆட்டத்தில் நாட்டமில்லை. கூடத்தில் பார்க்கிற பிள்ளைகளை வைத்துச் சொன்னால், பக்கத்தில் ஒரு சிநேகிதி இருக்கிற பிள்ளை விடாமல் தொடர்கிறது.

முழங்காலில் ஏற்கெனவே வலி இருக்கிறதா? முதலில் சில மாதமாவது தனியாகக் கற்றுவிட்டு மன்றத்துக்கு வாருங்கள். நான் இப்போதும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பழைய டீச்சரிடம் போய் அரைமண்டியைக் காட்டிவிட்டு வருகிறேன். முதல் தடவை போய்க் கதவைத் தட்டவே ஒரு வருடம் ஆனது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, "உட்காருங்க, முட்டியைப் பார்ப்போம்" என்றார்.

சேர முடிவு செய்துவிட்டால், பணம் கட்டுமுன் ஒரு வகுப்பு முழுக்க ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். டீச்சர் எத்தனை தடவை நாற்காலியை விட்டு எழுகிறார், பின் வரிசைக்கு எத்தனை தடவை வருகிறார், வரிசைகள் மாறுகின்றனவா என்று மட்டும் கவனித்தால் போதும். போன வாரம் வராதவர் யாராவது இருந்தால் அவரையே பாருங்கள், நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப்போவது நீங்கள்.

அப்புறம் விண்ணப்பம். அதில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருக்கும். சின்ன வயதில் கற்றது நினைவுக்கு வந்து நெஞ்சு நிமிர, "ஐந்து வருடம்" என்று எழுதினேன். இரண்டாம் நிலையில் போட்டுவிட்டார்கள். ஆறு வாரம் மூன்றாவது வரிசையில் முழித்துவிட்டு, அலுவலகத்தில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அங்கிருந்தவர் சிரிக்காமல் அந்தத் தாளை எடுத்து, ஐந்தை அடித்துவிட்டுப் 'புதியவர்' என்று எழுதிக்கொடுத்தார்.